தண்ணீரைக் குறையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள்: மணி பிளான்ட் வளர்ப்போருக்கு 26 குறிப்புகள்

அறைக்குள் வளரும் செடிகளைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. ஹீட்டரால் காற்று காய்ந்துபோகும், ஈரப்பதம் கூட்டும் மெஷின் வையுங்கள் என்பார்கள். தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்பார்கள். கும்பகோணத்திலும் கொழும்பிலும் இருப்பவர்களுக்கு இவற்றால் என்ன பயன்? மணி பிளான்டின் பிறந்த ஊர் தெற்குப் பசிபிக்கில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு. வருஷம் முழுக்க வெப்பமும் ஈரமும் உள்ள இடம். ஏறக்குறைய அதே வானிலை நம் வாசலிலேயே இருக்கிறது. அப்படியும் நம் வீடுகளில் இந்தக் கொடி அழுகிச் சாகிறதென்றால், காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: இருட்டு மூலை, தினமும் ஊற்றும் தண்ணீர்.

1. இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், தொட்டியை அப்புறம் வாங்கலாம். நண்பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் நின்று செய்தித்தாளைப் பிரியுங்கள். பொடி எழுத்தைக் கண் சுருக்காமல் படிக்க முடிந்தால் அங்கே மணி பிளான்ட் வளரும். தலைப்பு மட்டும்தான் தெரிகிறதென்றால் உயிரோடு இருக்கும், வளராது. "வெளிச்சமே வேண்டாத செடி" என்று நர்சரியில் சொல்லி விற்பார்கள். அப்படி ஒரு செடி கிடையாது. குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் செடி உண்டு, அவ்வளவுதான்.

2. திசை. கிழக்கு ஜன்னல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். காலை ஒன்பது மணி வரை விழும் இளவெயில் இதற்குப் பிடிக்கும். மேற்கு ஜன்னலில் கண்ணாடியை ஒட்டி வைத்தால் சித்திரை வெயிலில் இலை பொசுங்கிப் பழுப்புத் திட்டு விழும். மூன்றடி உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். தெற்கும் வடக்கும் நம் ஊரில் காலத்துக்குக் காலம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் பாதியில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. அதனால் மே, ஜூன், ஜூலையில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியிலோ தெற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து அறையின் நடுவரை வரும். கார்த்திகை பிறந்ததும் தெற்கு ஜன்னல் தொட்டியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மாசி முடிந்ததும் பழைய இடத்தில் வைத்தால் போதும்.

3. இருட்டான ஹாலில் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஒரே மாதிரி இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹாலில், மற்றது பால்கனி நிழலில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பால்கனியில் நேர் வெயில் படாத இடமாக இருக்க வேண்டும். நிழலில் பழகிய இலை ஒரே மத்தியானத்தில் வெந்துவிடும்.

4. ஜன்னலே இல்லாத ஆபீஸ் மேஜைக்கு, வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். செடிக்கு ஓர் அடி, ஒன்றரை அடி மேலே இருக்க வேண்டும். தினமும் பத்து மணி நேரமாவது எரியட்டும். சீலிங்கில் எங்கோ எரியும் விளக்கு செடியின் கணக்கில் சேராது.

5. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாள் கணக்கு வைத்துக்கொள்வதே தவறு. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால், மண் விரலில் ஒட்டினால், இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உலர்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள். எட்டு அங்குலத் தொட்டி ஒன்று பங்குனி, சித்திரையில் மூன்று நான்கு நாளிலேயே காய்ந்துவிடலாம். அதே தொட்டி ஐப்பசி அடைமழையில், வீடே நமுத்துக் கிடக்கும்போது, பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஈரம் தாங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு "நன்றாக இருந்த செடி திடீரென்று போய்விட்டது" என்பவர்கள், வெயில் காலத்துப் பழக்கத்திலேயே மழைக்காலத்திலும் ஊற்றியிருப்பார்கள். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணில் உள்ள இடுக்கெல்லாம் எப்போதும் தண்ணீராக இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது.

விரலில் மண் ஒட்டுவது பிடிக்காதவர்கள் தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகலாம். தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கிப் பார்த்தால் கைக்கே கனம் தெரிந்துவிடும்.

6. ஊற்றும் நாளில் முழுதாக ஊற்றுங்கள். அடித்துளை வழியே வழியும் வரை. தினம் அரை டம்ளர் தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து கிடக்கும், அடிவேருக்கு ஒன்றும் போகாது. வழிந்த தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் தட்டிலிருந்து கொட்டிவிட வேண்டும்.

7. இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயர் கடலோர ஊர்க்காரர்களுக்கு வேண்டாத செலவு. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு, சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ராத்திரியெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் காற்று காயும் என்பது உண்மை. அதற்கும் தெளிப்பது தீர்வல்ல, சில நிமிடத்தில் உலர்ந்துவிடும். ஏ.சி. காற்று நேராக மேலே படாத இடத்துக்குச் செடியை நகர்த்துங்கள்.

8. தண்ணீரின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நகரங்களில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில், தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும், இலை நுனி பழுப்பாகிக் கருகும். ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கித் தங்கிச் சேர்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. நோக்கம் நல்லது, தண்ணீர் நல்லதல்ல. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மாறாக, ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. பக்கெட்டில் பிடித்துத் தாராளமாக ஊற்றலாம். சத்தும் அதில் இல்லை என்பதால் உரம் மட்டும் மறக்கக் கூடாது. மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. உப்புத் தண்ணீர் தவிர வேறு வழியில்லாதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பாத்ரூமில் வைத்து, கிடைக்கும் நல்ல தண்ணீரால் அடித்துளை வழியே ஓடி வழியும்படி மண்ணை அலசிவிடுங்கள். மேலே படிந்த வெள்ளை மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள்.

9. குழாய்த் தண்ணீரின் குளோரினுக்குப் பயப்பட வேண்டாம். பக்கெட்டில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்தால் வாடை குறைந்துவிடும்.

10. நர்சரிச் செடியைப் பெரும்பாலும் கெட்டிச் செம்மண்ணில் நட்டுத் தருவார்கள். வண்டியில் ஏற்றி இறக்கும்போது வேர் குலையாமல் இருக்க அது அவர்களுக்கு வசதி. வீட்டுக்குள் வந்ததும் அதே மண் இறுகிவிடும், ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாகவே ஓடும். வாங்கி வந்த அன்றே மாற்றாதீர்கள். புது இடத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் பழகட்டும். பிறகு செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரமும் ஆற்று மணலும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலந்து மாற்றுங்கள். மணலுக்குப் பதில் பொடித்த செங்கல், கரித்துண்டு எதுவும் போடலாம். ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்த்தால் மண்ணில் பூச்சித் தொல்லை குறையும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும், அதுதான் பதம்.

11. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கோகோபீட் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிடாதீர்கள். தென்னை நாரிலேயே உப்பு உண்டு. இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். கழுவியது என்று அட்டையில் எழுதியிருந்தாலும் ஒருமுறை அலசுவதில் நஷ்டமில்லை.

12. துளையில்லாத பீங்கான் தொட்டி அழகுக்கு மட்டும். செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்ததும் உள்ளே வைக்கலாம். அடியில் கூழாங்கல் பரப்பினால் துளை வேண்டாம் என்பார்கள். கல்லுக்கு மேலே மண் நீரில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். மண் தொட்டியில் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். அடிக்கடி தண்ணீர் ஊற்றும் கை உள்ளவர்களுக்கு அதுதான் சரி.

13. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதுதான் நம் வீடுகளில் அதிகம். ஜன்னல் கட்டையில், டி.வி. ஸ்டாண்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில். சுலபம், அழகு; ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். வீட்டுக்குள்ளேயே வாழவும் அதற்குத் தெரியும். முட்டையிட்டு, புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்குக் காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்குள் வந்தால் ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டையும், பூந்தொட்டித் தட்டையும், இந்தப் பாட்டிலையும் பார்ப்பது அதனால்தான். சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசுப்புழு இருந்தால் அபராதமே உண்டு.

வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன் என்பவர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஏடிஸ் முட்டையைப் பெரும்பாலும் தண்ணீர்ப் பரப்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டுவதோடு நிற்காமல், பால் புட்டி கழுவும் பிரஷ்ஷால் உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். வேரையும் குழாயடியில் அலசுங்கள். பிறகு புதுத் தண்ணீர். ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டால் மறக்காது. கொடி வெளிவரும் இடம் தவிர பாட்டில் வாயைப் பஞ்சாலோ வலைத்துணியாலோ அடைப்பது கூடுதல் காவல்.

இது முடியாது என்று தோன்றினால் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வாரா வாரம் கழுவத் தயாராக இல்லாத வீட்டில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

14. கண்ணாடிப் பாட்டில் தெளிவாக இருந்தால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். பழுப்பு, பச்சை நிறப் பாட்டில் தேடுங்கள், அல்லது சணல் கயிறு சுற்றிவிடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

15. புதுக்கன்று எடுக்க, கொடியில் கணுவைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்துக்கு எதிரே பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கொம்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் காற்றுவேர். அதற்கு ஓர் அங்குலம் கீழே, சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும். வெறும் இலையைக் காம்போடு பறித்து வைத்தால் பல நாள் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றும், கொடி வராது. துளிர் விடுவது கணுவிலிருந்துதான்.

வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் மாதக்கணக்கில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகத் தடுமாறும். மாற்றிய முதல் பத்து நாளுக்கு மட்டும், வழக்கத்தைவிட மண் சற்று ஈரமாக இருக்கட்டும்.

16. ஒற்றைக் கொடி மெலிந்து நீண்டுகொண்டே போகிறது, அடியில் மொட்டையாக இருக்கிறது என்றால் நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுவில் புதுத் துளிர் வரும். வெட்டிய துண்டுகளையும் வேர்விட வைத்து அதே தொட்டியில் நட்டால் ஒரு வருஷத்தில் புதர்போல் நிறையும். கடையில் வாங்கும் அடர்த்தியான தொட்டிகளில் பத்துப் பதினைந்து துண்டுகள் சேர்ந்துதான் இருக்கின்றன.

17. தொங்கவிட்டால் இலை சிறுக்கும், ஏறவிட்டால் பெருக்கும். காட்டில் இது மரத்தைப் பற்றி மேலே போகும் கொடி. ஏறும்போது இலை அகன்று, ஒரு முழத்துக்கு மேல் நீண்டு, ஓரம் கிழிந்துகூட வளரும். பூங்காக்களில் மரத்தில் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு வேறு செடி என்று நினைத்துவிடுவோம். வீட்டில் பெரிய இலை வேண்டுமென்றால் தேங்காய் நார் சுற்றிய குச்சியைத் தொட்டி நடுவில் ஆழமாக நட்டு, கொடியை மெல்லிய நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கணுக்கள் நாரில் படவேண்டும். நார் ஈரமாக இருந்தால்தான் காற்றுவேர் பிடிக்கும். தண்ணீர் ஊற்றும்போது குச்சியின் தலையிலிருந்தே ஊற்றுங்கள். குச்சியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய பி.வி.சி. குழாயில் தேங்காய் மட்டை நாரை அடர்த்தியாகச் சுற்றிக் கயிறு கட்டினால் ஆயிற்று.

18. இலை மஞ்சளானால் பதறாமல் மண்ணைத் தொடுங்கள். அடியில் உள்ள பழைய இலை எப்போதாவது ஒன்று மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயது. மண் ஈரமாக இருக்கும்போதே மூன்று நான்கு இலை ஒன்றாக மஞ்சளானால் வேர் அழுகல் தொடங்கிவிட்டது. மண் காய்ந்து, இலை துவண்டு தொங்கினால் வெறும் தாகம், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை துவள்கிறதா? மோசமான அறிகுறி இதுதான். துவள்கிறதே என்று மேலும் ஊற்றுபவர்கள்தான் செடியை முடித்து வைக்கிறார்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, பழுப்பாகக் கொழகொழத்து நாறுவதையெல்லாம் வெட்டி எறிந்து, புது மண்ணில் நடுங்கள். வேரே மிஞ்சவில்லையென்றாலும், மேலே பச்சையாக உள்ள கொடியைக் கணுக் கணுவாக வெட்டித் தண்ணீரில் போட்டால் வம்சம் தப்பிக்கும்.

19. இலையில் இருந்த மஞ்சள், வெள்ளைத் தீற்றல் மறைந்து வெறும் பச்சையாகிவிட்டால் வெளிச்சம் போதவில்லை. வெள்ளைத் திட்டில் பச்சையம் கிடையாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் சோறாக்க முடியாத அந்தப் பகுதியைச் செடி குறைத்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கும் மார்பிள் குயீன் ரகம் மெதுவாக வளர்வதும் இதனால்தான். நகர்த்தி வைத்தால் பழைய இலை மாறாது, புதிதாக வருவதில் தீற்றல் திரும்பும். முழுப்பச்சையாகப் போன கிளையை வெட்டிவிடுங்கள்.

20. காலையில் இலை நுனியில் முத்துப்போல் நீர்த்துளி நிற்பது நோயல்ல. வேர் இரவில் இழுத்த உபரி நீரைச் செடி வெளியே தள்ளுகிறது. மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அன்றைக்கு ஊற்றாமல் விடலாம்.

21. அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, பழத்தோல் ஊறிய தண்ணீர் இவையெல்லாம் மாடித் தோட்டத்துக்கு. அறைக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் புளித்து நாறும், மேல்மண்ணில் பூஞ்சை படரும், பொடிக் கறுப்புக் கொசு மாதிரி ஒன்று முகத்தைச் சுற்றிப் பறக்க ஆரம்பிக்கும். அந்தப் பூச்சி கடிக்காது. அதன் புழு ஈரமான மேல்மண்ணில் வளர்வதால், மேலே ஓர் அங்குலம் நன்றாகக் காயவிட்டாலே அடங்கிவிடும். பால் கலந்த டீயை ஊற்றும் பழக்கம் மட்டும் எங்குமே வேண்டாம். உரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணோடு கிளறிவிட்டால் போதுமானது. கடையில் கிடைக்கும் 19:19:19 தூள் போடுவதானால் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டாம், மாதம் ஒருமுறை, ஈர மண்ணில். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்றினால் வேர் பொசுங்கும். நோயுற்ற செடிக்கு உரம் போடாதீர்கள்.

22. தூசி படிந்த இலைக்கு ஈரத்துணி போதும். கீழே உள்ளங்கையைக் கொடுத்து மேலே துடையுங்கள், அடிப்பக்கமும் ஒருமுறை. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் பால் தடவுவதும் வேண்டாம். எண்ணெயில் இலைத்துளை அடைபடும், இரண்டே நாளில் இரட்டிப்புத் தூசி ஒட்டும். சமையலறை ஜன்னலில் உள்ள செடிக்குத் தாளிக்கும் புகையே எண்ணெய்ப் பூச்சுத்தான். அதை மட்டும் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் துடைத்து, பின் வெறும் தண்ணீரில் துடையுங்கள்.

23. கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி. நாலைந்து இடம்தான் என்றால் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுத்துவிடலாம். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டுத் திரவச் சோப்பு சேர்த்துக் குலுக்கி, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஒருமுறை தெளித்துவிட்டு விடாதீர்கள். முட்டைகள் பின்னால் பொரிக்கும், அதனால் வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு வாரம் தெளிக்க வேண்டும். புதிதாக வாங்கிய செடியை முதல் இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தள்ளி வைப்பது இந்த வேலையையே மிச்சப்படுத்தும்.

24. சேனை, சேம்பு குடும்பத்துச் செடி இது. சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. வெட்டிய பின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். தவழும் குழந்தை, நாய்க்குட்டி, பூனை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், எச்சில் வழியும். வாயைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

25. காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு. மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்த சோதனை அது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டபோது, ஜன்னல் வழியே காற்று வந்துபோகும் வேகத்துக்கு ஈடாகச் செடி உழைக்க வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறப்பது மலிவு. இரவில் படுக்கையறையில் செடி இருந்தால் ஆக்சிஜன் குறையும் என்ற பயமும் அதே மாதிரிதான். பக்கத்தில் படுத்திருப்பவர் இழுக்கும் மூச்சோடு ஒப்பிட்டால் அது ஒரு கணக்கே இல்லை. பக்கத்து வீட்டில் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கேட்டாலே கொடுத்துவிடுவார்கள், எல்லோர் வீட்டிலும் மிஞ்சிக் கிடக்கிறது. தென்கிழக்கு மூலையில்தான் வைக்க வேண்டும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த மூலையில் வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூக்கவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைப் போதிய அளவு உண்டாக்க முடியாததால் இந்தச் செடி பூப்பதே அபூர்வம். எந்த உரத்தாலும் அதை மாற்ற முடியாது.

26. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? புறப்படும் அன்று தண்ணீரை முழுதாக ஊற்றி, வடியவிட்டு, ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனால் பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பழைய பருத்தி வேட்டியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையைப் பக்கத்தில் சற்று உயரமாக வைத்த தண்ணீர் வாளியின் அடிவரை விடுங்கள். துணி ஈரத்தை உறிஞ்சித் தேவைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாளியை மூடிவிட்டுப் போங்கள், கொசு இங்கேயும் வரும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தொட்டியை ஜன்னல் கண்ணாடியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். வெட்டிப் போட்ட கொடியைக் காலி மனையிலோ ஓடைக் கரையிலோ வீசாதீர்கள். ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். இலங்கையில் இது தோட்டத்தைத் தாண்டிக் காட்டு ஓரங்களில் மரங்களை மூடிப் படர்ந்து, ஆக்கிரமிப்புச் செடியாகவே பார்க்கப்படுகிறது. பொடியாக நறுக்கி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகு உரக்குழியில் போடுங்கள்.